மூக்கால் குடித்தவர்

சீமோன் பியர்க் கிளாசுக்குள் மூக்கை இறக்கிக் கண்களை மூடினார். பேஸ்மென்ற்றின் மூலையில் உடுப்புத் தோய்க்கும் மெஷின் கடைசிச் சுற்றில் நின்று குதித்துக்கொண்டிருந்தது. பியரைக் காய்ச்சிய அன்புராசா எட்டி அதை நிறுத்தினான். மணம் பிடிப்பதற்கும் மெஷின் சத்தத்துக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் அவனிடம் பதில் இல்லை. பூசையில் சுவாமியார் அப்பத்தை உயர்த்தும் எழுந்தேற்றத்தின்போது அழுகிற குழந்தையைத் தூக்கிக்கொண்டு வெளியே ஓடும் தகப்பனைப்போல, இந்த நேரத்தில் எது சத்தம் போட்டாலும் அவனுக்கு உடம்பு பதறும். பக்கத்தில், கவிழ்த்துவைத்த பிளாஸ்ரிக் பெட்டியில் குந்தியிருந்த ஜெயரட்ணம் தன் பங்கை முடித்துவிட்டு இருவரையும் மாறிமாறிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் பக்கத்துவீட்டுக்காரன், சைவக்காரன். இந்தச் சடங்கில் அவனுக்கு விசுவாசம் கிடையாது. தாகம் மட்டும் இருந்தது.

"மேல தோடம்பழத் தோல்," என்றார் சீமோன் கண் திறக்காமல். "அதுக்குக் கீழ வெட்டின புல்லு. அதுக்கும் கீழ..."

அன்புராசா முன்னுக்குக் குனிந்தான்.

"கீழ ஒண்டுமில்லை. முன் ஹோலில சோபா, கேட்டின், ரீவி எல்லாம் வடிவா வைச்சிருக்கிறாய். உள்ளுக்குப் போனா வீட்டில ஒருத்தருமில்லை."

அவர் கிளாசை நிறைகுடமாக அப்படியே மேசையில் வைத்தார். ஜெயரட்ணம் அதை எடுத்து மரியாதைக்கு ஒருதரம் மோந்துவிட்டுக் குடித்தான்.

"வேப்பெண்ணை மாதிரி இருக்கு," என்றான். "இன்னும் கொஞ்சம் ஊத்து."

சீமோன் வாயில் வைப்பதில்லை. வைக்கத் தெரியாதவர் அல்லர். ஸ்காபரோவின் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களில் அவருடைய நாக்குக்குப் பயப்படாத வீடுகள் குறைவு. முன்பொருமுறை, ஒரு பிள்ளை முதன்முதல் நற்கருணை வாங்கிய முதல்நன்மை விருந்தில், கறுப்பு லேபல் ஒட்டிய போத்தலிலிருந்து ஒரு மிடறு எடுத்து வாய்க்குள் உருட்டி விழுங்கிவிட்டு, "போத்தல் நல்ல போத்தல்" என்று மட்டும் சொன்னார். அதற்குள் மலிவு விஸ்கியைப் புனல் வைத்து ஊற்றிய வீட்டுக்காரர் அடுத்த வருடமே வோபர்னிலிருந்து அஜக்ஸுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே வீட்டுவிலை குறைவு என்பதால்தான் போனார் என்று சொல்லுகிறார்கள். இருக்கலாம்.

அப்படிப்பட்ட நாக்கைத்தான் சீமோன் மடுக்கோயில் மாதாவுக்குக் கொடுத்துவிட்டார். மகன் மரியோ பரீட்சையை எழுதி முடித்துவிட்டு வரட்டும் என்று அவனைத் தாய்மாமனோடு யாழ்ப்பாணத்தில் விட்டு வந்தது மனைவி பேர்ணடெற்றின் யோசனை. ஸ்பொன்சர் கடதாசிகள் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்துகொண்டிருந்தபோது, ஊரில் சண்டை நகர்ந்தது, சனம் நகர்ந்தது, கடைசியில் மரியோ ஏறியிருந்த பஸ் ஒரு சோதனைச்சாவடியில் வந்து நின்றது. எல்லோரையும் இறங்கச் சொன்னார்கள். எல்லோரும் இறங்கினார்கள். பிறகு எல்லோரும் ஏறினார்கள். மரியோ ஏறவில்லை. செய்தி ரொறன்ரோவுக்கு வந்த அன்றே சீமோன் நேர்த்தி வைத்தார்: மரியோ வந்து கதவைத் தட்டுமட்டும் ஒரு சொட்டு வாயில் படாது. மற்றவர்கள் மெழுகுதிரி வைப்பார்கள், மொட்டை போடுவார்கள். சீமோனிடம் தலைமயிரும் அதிகம் இல்லை. இருந்ததில் விலை உயர்ந்ததை வைத்தார்.

அது போன வருடத்துக் கதை. இப்போது தொண்ணூற்றேழு முடியப்போகிறது.

மரியோவைத் தேடும் பொறுப்பு கொழும்பிலிருந்த அன்புராசாவின் தம்பியின் தலையில் விழுந்தது. அவன் செஞ்சிலுவைக்காரரிடம் போவான், மறியற்சாலை வாசலில் நிற்பான், பெயரைச் சொல்லுவான், தெரியாது என்ற பதிலை வாங்கிக்கொண்டு வருவான். பிறகு அன்புராசா வீட்டுக்கு ரெலிபோன் எடுப்பான். சீமோன் வீட்டு இலக்கமும் அவனிடம் இருந்தது. ஆனால் யாழ்ப்பாணத்தில் இவர்களுடைய ஊரான குருநகரில் வளர்ந்த எவனும் சாவுச் செய்தி ஒன்று கிடைத்தால் அதை உரியவர் வீட்டுக்கு எடுத்துச் சொல்லமாட்டான். முதலில் பக்கத்தில் இருக்கிற ஒருத்தனுக்குச் சொல்ல வேண்டும். அவன் போய்ப் பங்குச் சுவாமியாரிடம் சொல்ல வேண்டும். பிறகு வீட்டுக்குப் போய், தேத்தண்ணி வாங்கிக் குடித்து, வேறு எதையாவது கதைத்து, அந்தக் கதை வழியாக மெதுவாக இறக்க வேண்டும். ஊர்க்காரி அன்ரனெற்றின் புருஷன் குவைத்தில் செத்தபோது சுவாமியாரோடு வந்தவர்கள் அவளுடைய புது ஃபிரிட்ஜைப் பற்றி விசாரித்தார்கள். ஐஸ் நன்றாகக் கட்டுகிறதா என்று யாரோ கேட்டபோதே அவள் விளங்கிக்கொண்டு தாலியைப் பிடித்தாள். அவளுக்கு இன்றைக்கும் ஐஸ் என்றால் ஆகாது.

அன்புராசாவுக்குப் பியர்ப் பைத்தியம் பிடித்தது பிளாஸ்ரிக் ஃபாக்டரியில். கூட வேலைசெய்த ஒரு வெள்ளைக்காரன் தான் வீட்டில் காய்ச்சியது என்று கிறிஸ்மஸுக்கு ஒரு போத்தல் கொடுத்தான். பேல் ஏல் என்று பெயர் சொன்னான். மூடியைத் திறந்ததும் யாரோ பக்கத்தில் இருந்து தோடம்பழம் உரிப்பதுபோல இருந்தது. பியர் என்றால் குளிராகவும் மஞ்சளாகவும் இருக்கும் தண்ணீர் என்று அதுவரை நம்பியிருந்தவனுக்கு அது பெரிய அதிர்ச்சி. கெனடாவுக்கு வந்து இத்தனை வருடத்தில் அவன் தானாக ஆசைப்பட்ட முதல் விஷயம் அதுதான். வேலை, வீடு, கார், எல்லாம் மற்றவர்கள் ஆசைப்பட்டதைப் பார்த்து ஆசைப்பட்டவை.

அடுத்த கிழமையே, முளைத்த பார்லியில் காய்ச்சிய மோல்ற் பாணி ரின்னும், மூடியோடு வாளியும், ஹொப்ஸும் வாங்கிவந்தான். ஹொப்ஸ் என்பது ஒரு கொடியின் பூ என்று கடைக்காரன் சொன்னாலும் பையில் இருந்தது ஆட்டுப்புழுக்கைக்குப் பச்சைச் சாயம் பூசியதுபோலத்தான் இருந்தது. பாணியைத் தண்ணீரில் கரைத்துக் கொதிக்கவைத்து அந்தப் புழுக்கையைக் கொட்டினால், வீடு முழுக்க ஈரப்புல்லும் சிகரெட்டும் கலந்ததுபோல ஒரு நெடி எழும்பும்.

"கோயிலுக்குக் கட்டிக்கொண்டு போற சீலையிலயும் உது மணக்குது," என்றாள் அவன் மனைவி றோசலின். "நற்கருணை வாங்கப் போனா சுவாமி என்னை ஒரு மாதிரிப் பாக்கிறார்."

"நல்ல மணம்தானே."

"ஓம். அவருக்கு நான்தான் குடிக்கிறனெண்டு நினைப்பு."

முதற்காய்ச்சல் குடிக்கக்கூடியதாக இருந்தது. அன்புராசாவின் நாக்குக்குத் தெரிந்தது அவ்வளவுதான். பதினைந்து வயதிலிருந்து சுருட்டும் பிறகு சிகரெட்டும் பிடித்த வாய் அது. உப்பும் உறைப்பும் அளவாகத் தெரியும், மற்றதெல்லாம் மங்கல். ஜெயரட்ணத்தின் நாக்கோ எதைக் கேட்டாலும் ஒரே பதிலைச் சொன்னது. அதனால்தான் அன்புராசா சீமோனைக் கூப்பிட்டான். அண்ணை குடிக்க வேண்டாம், மணந்து பார்த்துச் சொன்னால் போதும் என்றான். மாதாவுக்குக் கொடுத்தது நாக்கை, மூக்கை அல்ல என்று சீமோனும் யோசித்துப் பார்த்து ஒப்புக்கொண்டார். இருவரும் இதைச் சிரிக்காமல் பேசி முடிவெடுத்தார்கள்.

அந்த மூக்கு சொன்னபடி பியர் மாறியது. "ஹொப்ஸைக் கொதியில போட்டா மணம் ஆவியோட போகுது, அடுப்பை நூத்துப்போட்டுப் போடு," என்றார் சீமோன். போட்டான். தோடம்பழத் தோல் வந்தது. "இன்னும் கிட்ட வரவேணும். ஆறின பிறகு வாளிக்குள்ள சும்மா போட்டு மூடிவைச்சுப் பார்." வைத்தான். மூடியைத் திறந்தபோது ஜெயரட்ணமே ஒரு அடி பின்வாங்கினான். பிறகுதான் வீட்டில் ஆளில்லை என்ற குற்றச்சாட்டு வந்தது. கடைக்காரன் வறுத்த பார்லியைக் கொடுத்து, துணியில் கட்டி, தேயிலை ஊறவைப்பதுபோல முதலில் ஊறவைக்கச் சொன்னான். அப்படியும் செய்தான். ஞாயிற்றுக்கிழமைகளில், ஆங்கிலப் பூசைக்கும் பிலிப்பினோப் பூசைக்கும் நடுவில் தமிழருக்கு விடப்பட்ட நேரத்தில் பூசையைக் கண்டுவிட்டு, கார்களை அடித்துப் பிடித்து எடுத்துக்கொண்டு, நேரே பேஸ்மென்ற்றுக்கு வந்துவிடுவார்கள். மேலே றோசலினும் பேர்ணடெற்றும் சமைப்பார்கள். கீழே சீமோன் மூக்கை இறக்குவார். அந்த நேரத்தில் மட்டும் அவர் முகம் மரியோவை மறந்திருந்தது. அது தனக்குத் தெரியும் என்பதே அன்புராசாவுக்கு ஒருவகைப் பெருமை.

ஆனால் மூக்குக்கு எட்டாதது ஒன்று இருந்தது. கொதியின் தொடக்கத்தில் போடும் ஹொப்ஸ்தான் கசப்பைத் தருவது. கசப்புக்கு மணம் கிடையாது. எவ்வளவு போட வேண்டும், எவ்வளவு போட்டால் கூடிவிடும் என்பதை வாய் ஒன்றுதான் சொல்லும். அன்புராசா குறைத்தும் கூட்டியும் பார்த்தான், அவனுக்கு வித்தியாசம் பிடிபடவில்லை. தெரிந்துகொள்ளக்கூடிய ஒரே நாக்கு, கைக்கெட்டும் தூரத்தில், பல்லுக்குப் பின்னால் பூட்டிக் கிடந்தது.

இலையுதிர்காலம் முழுக்க அவன் மரியோவுக்காக மன்றாடினான். செபமாலையை விடாமல் சொன்னான். பக்தி கூடிவிட்டது என்று றோசலின் சந்தோஷப்பட்டாள். ஒருநாள் ஃபாக்டரியில் அச்சிலிருந்து வாளிமூடிகளைப் பிடுங்கி அடுக்கிக்கொண்டிருந்தபோதுதான், தான் என்ன கேட்டு மன்றாடுகிறான் என்பது அவனுக்கு உறைத்தது. பெடியன் வர வேண்டும், வந்தால் அண்ணை குடிப்பார். அதுவரை சரி. ஆனால் அண்ணை குடிப்பதற்கு இன்னொரு வழியும் இருந்தது. வரவே மாட்டான் என்று நிச்சயமானாலும் நேர்த்தி முடிந்துவிடும். அந்த நினைப்பு வந்தபோது அவனுடைய கை நிற்கவில்லை. மூடிகளைத் தொடர்ந்து அடுக்கியது. தம்பியின் ரெலிபோன் அடித்தால் மனம் எந்தப் பக்கம் துள்ளும் என்று அதன்பிறகு அவனுக்கு நிச்சயம் இல்லாமல் போயிற்று.

அதனால், இரண்டு வழியும் இல்லாத ஒரு மூன்றாவது வழியைக் கண்டுபிடித்தான். அதை அவன் கெட்டித்தனம் என்றும் நினைத்தான், புண்ணியம் என்றும் நினைத்தான்.

பூசை முடிந்து சுவாமியார் உடுப்பு மாற்றிக்கொண்டிருந்தபோது கதவடியில் போய் நின்றான்.

"சுவாமி, ஒருத்தர் வைச்ச நேத்தியை எடுத்துவிடலாமோ?"

"ஆர் வைச்சது?"

"சீமோன் அண்ணை."

சுவாமியார் சட்டைப் பொத்தானைப் பூட்டுவதை நிறுத்தினார். இன்னும் இரண்டு பங்குகளில் பூசை வைக்கவேண்டிய களைத்த மனிதர். சீமோன் மெலிந்து போனதை அவரும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

"வேறை ஒண்டா மாத்திக் குடுக்கலாம். எனக்கு அதுக்கு அதிகாரம் இருக்கு," என்றார். "ஆனா அவரெல்லோ வந்து கேக்கவேணும்."

"அவர் கேக்கமாட்டார் சுவாமி. உள்ளுக்குள்ளயே வைச்சுச் சாகிறார்."

சொன்னது பொய்யல்ல. அதனால்தான் அது அவ்வளவு நன்றாக வேலைசெய்தது. சுவாமியார் விட்ட பொத்தானைப் பூட்டி முடித்தார்.

"மாதா தன்ரை பிள்ளையளை வதைச்சுப் பாக்கிற ஆள் இல்லை. நான் விட்டுக்குடுத்தனான் எண்டு சொல்லும். அதுக்குப் பதிலாச் செபமாலை சொன்னாக் காணும்." பிறகு அன்புராசாவின் தோளில் கைவைத்தார். "நல்ல சிநேகிதன் ஐசே நீர்."

அந்தக் கை வைத்த இடம் வீட்டுக்கு வந்து சேரும்வரை அன்புராசாவுக்குக் கனமாகவே இருந்தது.

அடுத்த ஞாயிறு பனி கொட்டியது. ஜெயரட்ணத்துக்கு அன்று வேலை. மேலே ஆட்டிறைச்சி கொதிக்க, பேர்ணடெற் புட்டுக் குழைக்கும் சத்தமும் றோசலின் ஏதோ சொல்லிச் சிரிக்கும் சத்தமும் கேட்டன. அன்புராசா புதுக் காய்ச்சலின் முதல் போத்தலைத் திறந்தான். நுரை அடங்குமட்டும் காத்திருந்து சீமோனிடம் நீட்டினான்.

சீமோன் வழக்கத்தைவிட நெடுநேரம் மூக்கை எடுக்கவில்லை.

"வந்திட்டினம்," என்றார் கடைசியில். "முன் ஹோலிலயும் இருக்கினம், உள்ளுக்கும் இருக்கினம். குசினிக்குள்ள ஆரோ பாண் வாட்டினம். இனி உதில கைவைக்காத அன்பு."

"மூக்குச் சரி அண்ணை. கசப்பைத்தான் ஒருத்தரும் சொல்லினமில்லை."

"ஜெயம் சொல்லுவான்."

"ஜெயத்துக்குச் சுவருக்கு அடிக்கிற பெயின்ற்றைக் குடுத்தாலும், வேப்பெண்ணை மாதிரி இருக்கு இன்னும் கொஞ்சம் ஊத்தெண்டுதான் சொல்லுவான்."

சீமோன் சிரித்தார். தோள் குலுங்கச் சிரித்தார். இதைவிட நல்ல தருணம் வராது என்று அன்புராசாவுக்குப் பட்டது.

"அண்ணை, நான் சுவாமியோட கதைச்சனான். உங்கடை நேத்தியைப் பற்றி."

சிரிப்பு சீமோனின் முகத்தில் அப்படியே இருந்தது, எடுத்துவைக்க மறந்துபோனதுபோல.

"அதை நீங்கள் இனி விடலாமாம். தான் விட்டுக்குடுத்ததெண்டு சொல்லச் சொன்னவர். செபமாலை சொன்னாக் காணுமாம். மாதா வதைக்கிற ஆள் இல்லையாம்."

வீட்டிலிருந்து கோயிலுக்கும் கோயிலிலிருந்து வீட்டுக்கும் காரில் சொல்லிச்சொல்லிப் பழகிய வசனங்கள். ஒன்றும் தவறாமல் வந்தன. சீமோன் கிளாசைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதுதான் இண்டைக்கு என்ரை கையைப் பிடிச்சவர்," என்றார். "பிடிச்சுப்போட்டு விடேல்லை. பேர்ணடெற்றின்ரை தலையிலயும் கைவைச்சவர். என்னத்துக்கெண்டு யோசிச்சுக்கொண்டு வந்தனான்."

"ஓம் அண்ணை. நல்ல மனிசன்."

"எப்ப வந்தது?"

"என்ன அண்ணை?"

"செய்தி."

அன்புராசாவுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியபோது, தான் இந்த ஒரு கிழமையாக என்ன செய்திருக்கிறான் என்பதை முழுதாகப் பார்த்தான். முதலில் பக்கத்தில் இருக்கிற ஒருத்தன். பிறகு சுவாமியார். பிறகு வேறெதையோ கதைத்து, அதன் வழியாக மெதுவாக. ஒரு படியும் பிசகாமல், ஊர் முறைப்படி, அவன் ஒரு மரணத்தை அறிவித்து முடித்திருந்தான். மரணம் ஒன்றுதான் குறைவு.

"செய்தி ஒண்டும் வரேல்லை. சத்தியமா வரேல்லை அண்ணை."

"தம்பி எடுத்தவனோ?"

எடுத்தவன்தான். "எடுத்தவன். தன்ரை பாஸ்போட் அலுவல். மரியோவைப் பற்றி ஒண்டும் சொல்லேல்லை."

"ஒண்டும் சொல்லேல்லை," என்று சீமோன் திருப்பிச் சொன்னார்.

"இஞ்சை பாருங்கோ அண்ணை. நான் சுவாமியட்டைப் போனது உந்தப் பியருக்காகத்தான். நீங்கள் ஒருக்கா வாயில வைச்சு, கசப்புக் கூடவோ குறையவோ எண்டு சொல்லவேணும். அதுக்குத்தான். வேறை ஒரு மண்ணும் இல்லை. அவ்வளவு கேவலமான விசயம்."

அந்த வருடம் அவன் சொன்னவற்றில் அதைப்போல முழு உண்மை வேறெதுவும் இல்லை. உயிரோடு இருக்கிற எந்த மனிதனும் அதை நம்பியிருக்க மாட்டான். சீமோன் அவனை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் இருந்த அன்பை அன்புராசாவால் தாங்க முடியவில்லை.

"நீ நல்லவன் அன்பு," என்றார். "ஆனா உனக்குப் பொய் சொல்ல வராது."

கிளாசைத் தூக்கிக் குடித்தார்.

அவசரப்படவில்லை. ஒரு மிடறை எடுத்து வாய்க்குள் வைத்திருந்தார். ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு அனுப்பினார். முதல்நன்மை விருந்தில் பார்த்த அதே முகம் சிறிது நேரம் அவர் முகத்தில் வந்து நின்றது. பிறகு விழுங்கினார். தொண்டையில் அது இறங்குவது வெளியே தெரிந்தது.

"முதல் போடுறது கூடிப்போச்சு," என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. "நாக்கின்ரை அடியில போய்ப் பிடிச்சுக்கொண்டு நிக்குது. விழுங்கினாப் பிறகும் போகுதில்லை. அதைப் பாதியாக் குறை. மற்றதெல்லாம் சரி."

பாதி. அன்புராசாவின் தலைக்குள் எங்கோ ஒரு மூலை அந்தச் சொல்லை உடனே எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொண்டது. அப்படி வைப்பதை அவனால் தடுக்க முடியவில்லை. தடுக்க முடியவில்லை என்பதையும் அந்த மூலையே பார்த்துக்கொண்டிருந்தது.

சீமோன் மீதியையும் குடித்து முடித்தார். வாயைப் புறங்கையால் துடைத்தார்.

"அவளுக்கு நீ ஒண்டும் சொல்லாத. நான் சொல்லுறன்."

"அண்ணை, என்னத்தைச் சொல்லப்போறியள்? சொல்லுறதுக்கு ஒண்டும் இல்லை."

"ஓம், ஓம்," என்றார் சீமோன், பிள்ளையைத் தேற்றுவதுபோல.

அவர் கைப்பிடியைப் பிடித்துப் படியேறி, குசினிப் பக்கம் பார்த்துப் பேர்ணடெற்றைக் கூப்பிட்டார். பக்கவாசல் திறந்து மூடியது. அன்புராசா படியின் முதற்கட்டையில் காலை வைத்தான். ஓடிப்போய் பேர்ணடெற் அக்காவைப் பிடித்து, அண்ணை சொல்லப்போவதை நம்பாதையுங்கோ, செய்தி ஒன்றும் வரவில்லை என்று சொல்லலாம். யாரும் கேளாத இடத்தில் போய், செய்தி ஒன்றும் வரவில்லை என்று மூச்சிரைக்கச் சொல்லலாம். அதைக் கேட்கிற தாய் என்ன விளங்கிக்கொள்வாள் என்று நினைத்ததும் கால் அடுத்த கட்டைக்கு ஏறவில்லை. கொழும்பில் இப்போது என்ன நேரம், தம்பியை எழுப்பிக் கேட்டால் என்ன என்று யோசித்தான். அவனும் தெரியாது என்றுதான் சொல்லுவான். தெரியாது என்பதை இனி இந்த வீட்டில் யாரிடம் கொடுப்பது.

பேஸ்மென்ற்றின் ஒரே சன்னல் நிலத்தோடு ஒட்டினது. அதில் வெளியே நிற்பவரின் முழங்காலுக்கு மேல் ஒன்றும் தெரியாது. சீமோனின் சப்பாத்துகள் அதில் வந்து நின்றன. பனி அவற்றின் மேல் விழுந்து, கரையாமல் தங்கத் தொடங்கியது. மேலே புட்டுக் குழைக்கும் சத்தம் நின்றிருந்தது. றோசலின் ஏதோ கேட்டாள். கதவு இன்னொருமுறை திறந்தது.

வீட்டுச் செருப்பு, காலுறை இல்லாத கால். பேர்ணடெற் அக்கா கோட்டைக்கூடப் போடாமல் வந்திருக்க வேண்டும், சீலைக்கரை பனியில் இழுபட்டது. இரண்டு சோடிக் கால்களும் எதிரெதிரே நின்றன. ஒரு சத்தமும் கண்ணாடிக்குள்ளால் வரவில்லை. பிறகு சன்னலுக்குள் இரண்டு முழங்கால்கள் இறங்கின. பனிக்குள் புதைந்து, அப்படியே நின்றன. புட்டுமா ஒட்டியிருந்த கைகள் தொங்கி வந்து சீமோனின் சப்பாத்துகளின் மேல் படிந்தன. அவள் விழுந்தாளா, மன்றாடுகிறாளா என்று அந்த உயரத்தில் தெரியவில்லை.